இரண்டு வருடம் தாங்கும் வண்டி

"எழுதிக்கோம்மா," என்றார்.

"சொல்லுங்க சார்."

"செடான். பதிமூணு வருஷம் ஆச்சு. வெள்ளியும் இல்லாம சாம்பலும் இல்லாம ஒரு கலர், சாம்பல்னே போடு. நான் வந்தப்போ பானெட் சுட்டுச்சு. அப்படியே உட்கார்ந்துட்டேன்."

"எவ்வளவு நேரம் சார்?"

"ரெண்டு மணி நேரம். தரகருக்கு இன்னிக்கு என் மேல ஒரே பாசம். டீ குடிங்க, ஜூஸ் குடிங்க, இன்னொரு நாள் வாங்கன்னாரு. வண்டி ஆறட்டும்னு சொல்லிட்டேன்."

"ஆறினதும்?"

"ஸ்டார்ட் பண்ணினேன். நீலப் புகை. தெருவுக்குக் கொசு மருந்து அடிக்கிற மாதிரி. எஞ்சின் எண்ணெய் குடிக்குது."

குளிர்ந்த நிலையில் இயக்கும்போது நீல நிறப் புகை வெளியேறுகிறது என்று எழுதினேன்.

"மீட்டர் சார்?"

"மீட்டர் கெடக்குது. அறுபத்தஞ்சாயிரம் கிலோமீட்டர்னு காட்டுது. பிரேக் பெடல் ரப்பர் வழுக்கையாயிருக்கு. அறுபத்தஞ்சாயிரத்துல இப்படித் தேயணும்னா அந்த ஆள் பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதான் ஊரைச் சுத்தியிருக்கணும்."

"அடிபட்ட வண்டியா?"

"முன்னாடி இடது கதவைப் பூசி மெழுகியிருக்காங்க. வெறும் உரசல்தான். அடிச்சட்டம் நேரா இருக்கு. பிரேக் நல்லாப் பிடிக்குது, ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்குது. ஆளைக் கொல்லாது. ரெண்டாவது கியர் விழுறப்போ மட்டும் முனகுது. டிக்கியில ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்துல துரு."

"பின்சீட்?"

போனில் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு எதையோ மடக்கி இறக்கும் சத்தம்.

"பின்சீட் நல்லாயிருக்கு. நடுவுல கை வைக்கிற பலகை இருக்கு. மடக்கி இறக்கினா சரியான உயரத்துல நிக்குது. ரொம்பச் சரியான உயரம்."

"அதை எழுதட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். வாங்குறவருக்கு அது தேவையில்ல."

"எவ்வளவு காலம் ஓடும் சார்?"

"இழுத்துப் பிடிச்சா ரெண்டு வருஷம். அப்புறம் எஞ்சினைத் திறக்கணும். திறந்தா சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்."

"முடிவா என்ன போடட்டும்?"

"இவ்வளவு சொன்னப்புறம் அதையும் கேக்குறியா? வேண்டாம்னு போடு."

போட்டேன்.

பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்காக வண்டியைப் போய்ப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று அறிக்கை கொடுக்கும் ஒரு சிறு நிறுவனம் எங்களுடையது. அவர் வண்டியைப் பார்ப்பவர். நான் அவர் போனில் சொல்வதைக் கேட்டு எழுதுபவள். எனக்கு இரண்டு மொழியில் படிப்பு. வாடிக்கையாளர் எந்த மொழியில் கேட்டாலும் எழுதித் தர முடியும் என்பதால் இந்த வேலை கிடைத்தது. இரண்டு மொழியிலும் அதிகம் பேச மாட்டேன் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால் நஷ்டமில்லை. என் மேசைக்கு எதிரே சுவர் மட்டும்தான்.

தரகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வேண்டாம்'. பத்து வண்டி பார்த்தால் எட்டுக்கு அதைத்தான் சொல்வார். "வேண்டாம் வர்றாருப்பா" என்று ஒருவருக்கொருவர் போனில் எச்சரித்துக்கொள்வார்களாம். பெயர் அவர் காதுக்கும் வந்தது. கோபப்படவில்லை. ஒருமுறை புதிதாக வந்த தரகர் ஒருவர் அவரிடமே, "சார், இன்னிக்கு வேண்டாம்னு ஒரு ஆள் வராராம், எப்படி இருப்பாரு?" என்று கேட்டிருக்கிறார். "என்னை மாதிரிதான் இருப்பாரு, கொஞ்சம் கறுப்பு" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

வயது ஐம்பத்தேழு. இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒரு பழைய மழைக்கோட்டைத் தரையில் விரித்து, அதன் மேல் படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போவார். எழுந்திருக்க வண்டியின் டயரைப் பிடித்துக்கொள்வார். போனில் சில நேரம் பேச்சு நின்று வெறும் மூச்சு மட்டும் கேட்கும். எழுந்துகொண்டிருக்கிறார் என்று நான் காத்திருப்பேன். வேலை செய்யும் முறையில் மாற்றமே கிடையாது. முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சுட்டால், யாரோ முன்கூட்டியே எஞ்சினை ஓட விட்டு அதன் காலை நேரத்துக் கோளாறுகளை மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறும் வரை உட்கார்ந்துவிடுவார். பிறகு கதவு ரப்பரைப் பிதுக்கிப் பார்ப்பார், கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். கடைசியில் ஓட்டிப் பார்ப்பார். அப்போது உரிமையாளர் வாயைத் திறக்கக் கூடாது. ரேடியோ கூடாது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, வண்டியை மட்டும் கேட்பார்.

இவரிடம் சொந்தமாக வண்டி இல்லை. ஒரு ஸ்கூட்டர் மட்டும்தான். அதுவும் அவர் அப்பா வாங்கியது என்பதால் அவர் வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் போயிருக்கிறது. குடை வாங்கப் போனால் பத்து முறை விரித்துப் பார்ப்பாராம். தர்பூசணிக்காரர் இவரைத் தெருமுனையில் பார்த்ததும் கடையைத் துணி போட்டு மூடுவார் என்று இவர் மனைவி பிறகு சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, மருத்துவமனையில் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். போகும்போது பிரச்சினையில்லை. வரும்போது உடம்பு பிழிந்து போட்ட துணியாக இருக்கும். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். கெண்டைக்கால் இழுக்கும். இடது கையில் ஊசி போடுவதற்காகவே ஒரு ரத்தக்குழாயைத் தைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கை இடிபடக் கூடாது, அழுந்தக் கூடாது, தொங்கவும் கூடாது. டாக்ஸியில் அதை வலது கையால் குழந்தையைப் போலத் தாங்கிக்கொண்டு வருவார். ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டார். டிரைவர் பாதி வழியில் நிறுத்தி, மரியாதையாகவே, "இறங்கிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒரு கட்டிடப் பொருள் கடையின் வாசலில், மணல் குவியலுக்குப் பக்கத்தில், இருவரும் முக்கால் மணி நேரம் அடுத்த டாக்ஸிக்காகக் காத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் வண்டி வாங்குவது என்று முடிவு செய்தார்.

முடிவு செய்து இரண்டு வருடமாகியும் வாங்கவில்லை.

என்ன வண்டி வேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். சின்ன கார் என்றால் குனிந்து ஏற வேண்டும், தலை சுற்றும். உயரமான வண்டி என்றால் காலைத் தூக்கி வைக்க வேண்டும், முடியாது. நடுத்தர அளவு செடான்தான் சரி. கால் நீட்ட இடம் வேண்டும். மனைவி பின்சீட்டில் வலது பக்கம் உட்கார, இடது கை வைக்க நடுவில் பலகை வேண்டும். புதிதாக வாங்க வழியில்லை, பழையதுதான். மனைவி தூங்கும்போது அவர் முழங்கால் உயரத்தை டேப்பால் அளந்திருக்கிறார். பாதியில் விழித்துக்கொண்ட மனைவி, "என்ன, தையல்காரர் வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டாராம். பிறகு விஷயம் தெரிந்ததும், "கல்யாணத்துக்கு முன்னாடி என்னை இவ்வளவு அளந்து பாத்திருந்தா நானும் தப்பிச்சிருப்பேன், நீங்களும் தப்பிச்சிருப்பீங்க" என்றாராம்.

அலுவலக வேலையாகப் பார்த்தது போக, தனக்கென்று முப்பத்தொரு வண்டிகள் பார்த்தார். ஒன்றில் கியர்பாக்ஸ் கசிவு. ஒன்றில் வெள்ளத்தில் நின்ற வாடை. ஒன்று எல்லாம் சரி, ஆனால் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினின் சத்தம் இன்னும் நாலைந்து வருடத்தில் பெரிதாகும் என்று பட்டது. முப்பத்தொன்றுக்கும் அதே பதில். அந்த இரண்டு வருடமும் டாக்ஸிதான்.

மனைவி அரசு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்து, உடம்பு முடியாமல் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப் போட்டது போல் படுத்திருக்க வேண்டும். ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்தால் வலிக்கும். அதனால் இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதிய அறிக்கைகளைப் போனிலிருந்து வாசித்துக் காட்டுவார். அவருக்கு அது கதை கேட்பது போல. பின்சீட்டில் பால் வாடை என்றால், "கைக்குழந்தை இருந்த வீடு, ஏன் விக்கிறாங்க?" என்பார். கேட்டுவிட்டுத் திருத்தங்களும் சொல்லி அனுப்புவார். "கீறல்ங்கறது ஒரே பக்கத்துல நாலு தடவை வருதாம்மா. வேற வார்த்தை இல்லையான்னு கேக்கறா." எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அறிக்கையை அனுப்பும் முன், அவர் கேட்கப் போகிறார் என்று நினைத்து ஒருமுறை வாசித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

அந்தச் சாம்பல் நிற வண்டியின் அறிக்கையை அனுப்பிய அடுத்த வாரம், காலை பத்து மணிக்கு, மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். மனைவி என்னோடு நேராகப் பேச வேண்டும் என்கிறார் என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் இயந்திரத்தின் சத்தம் சீராகக் கேட்டது.

"நல்லாயிருக்கியாம்மா? இந்தச் சாம்பல் வண்டி நீதானே எழுதினே?"

"ஆமாம்மா."

"தப்பு ஒண்ணும் இல்ல. நல்லா எழுதியிருக்கே. ஒரு சந்தேகம், அவ்வளவுதான். ஏங்க, இதுல அடிச்சட்டம் நேரா இருக்கு, பிரேக் நல்லாயிருக்குன்னு வருது. அப்புறம் ஏன் வேண்டாம்?"

"ரெண்டு வருஷத்துல எஞ்சின் படுத்துடும்," என்றது அவர் குரல்.

"கை வைக்கிற பலகை இருக்கா?"

"ரெண்டாவது கியர் வேற முனகுது."

"இருக்கான்னு கேட்டேன்."

"இருக்கு."

"உயரம்?"

"சரியா இருக்கு."

"அதை ஏம்மா நீ எழுதல?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே, "சரி, நீ என்ன பண்ணுவே, அவர் சொல்லியிருக்க மாட்டாரு" என்றார். பிறகு கணவரிடம், "நமக்கு எத்தனை வருஷத்துக்குத் தேடுறீங்க?"

"பத்து வருஷமாவது ஓட வேண்டாமா?"

"பத்து வருஷம் யாரைக் கூட்டிட்டுப் போறதுக்கு?"

அவர் மனைவி சிரிப்பது போல ஒரு சத்தம் கேட்டது; இருமலாகவும் இருக்கலாம்.

"டாக்டரே என்கிட்ட அவ்வளவு சொல்லலைங்க. நீங்க என்ன கருவி வச்சுப் பாத்தீங்க? ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம். அதுக்கு மேல எனக்கு எழுதிக் குடுக்க ஆள் இருந்தா சொல்லுங்க, நானும் பத்து வருஷ வண்டிக்குக் காத்திருக்கேன்." பிறகு என்னிடம், "நீ வை கண்ணு. சார் கொஞ்சம் வேலையா இருக்காரு" என்றார்.

அடுத்த நான்கு நாள்கள் அவர் கொடுத்த அறிக்கைகளில் வெறும் விவரம் மட்டும் இருந்தது. கொசு மருந்து இல்லை, வழுக்கை இல்லை. ஐந்தாம் நாள், வழக்கமாக வராதவர், அலுவலகத்துக்கு வந்தார். கையில் கிரீஸ். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என் மேசைக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியை மட்டும் அவர் ஆட்டிப் பார்க்கவில்லை.

"முப்பத்தொரு வண்டி பாத்தேன்மா," என்றார். "ஒவ்வொண்ணையும் இது எவ்வளவு நாள் தாங்கும்னு பாத்தேன். யாருக்காகப் பாக்குறேன்னு... கூடவே அவளையும் சேர்த்து எண்ணணும்னு தோணல. தோணக் கூடாதுன்னு இருந்தேனோ என்னவோ."

குவளையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் நினைப்பதுண்டு.

"அந்த முதல் வருஷத்துல பாத்தேன்ல ஒண்ணு, செயின் சத்தம் வந்தது. அது இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு. போன வாரம் சிக்னல்ல பாத்தேன். பின்னாடி ஒரு நாய் உட்கார்ந்திருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்; கிரீஸ் அதிலும் ஒட்டியது. "ரெண்டு வருஷமா அவளை டாக்ஸியில குலுக்கி எடுத்திருக்கேன்."

சாம்பல் வண்டி விற்காமல்தான் கிடந்தது. எங்கள் வாடிக்கையாளர் வேறு வாங்கிவிட்டார். இவர் தரகரைக் கூப்பிட்டு, வண்டியை மருத்துவமனை வாசலுக்குப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவரச் சொன்னார். கடையைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பதால் பயனில்லை. சிகிச்சை முடிந்த உடம்போடு வீடு வரை போய்ப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். தரகர் வெயிலில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தார்.

"பானெட்டைத் தொட்டுப் பாருங்க சார். இன்னிக்கு நானே தள்ளிக்கிட்டு வந்த மாதிரி மெதுவா கொண்டாந்தேன். எந்தப் பார்ட்டிக்கு?"

"எனக்குத்தான்."

தரகர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், விளையாடாதீங்க."

"எனக்குத்தான்யா."

"சார், இது எண்ணெய் குடிக்கும்."

"தெரியும்."

"ரெண்டாவது கியர் முனகும். டிக்கியில துரு இருக்கு, கார்ப்பெட்டுக்கு அடியில, நான்தான் மறைச்சு வச்சேன். மீட்டர்கூட..." என்று குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு இதை வித்துட்டு நாளைக்கு நான் மத்த தரகருங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது? பைத்தியக்காரன்னு சொல்லுவாங்க. உங்களைச் சொல்றாங்களோ என்னைச் சொல்றாங்களோ."

"ரெண்டு பேரையும் சொல்லட்டும். முன்னாடி ஏறி உட்காரு. வழியில வாயைத் திறந்தா இறக்கி விட்டுடுவேன்."

சக்கர நாற்காலியில் மனைவியை அழைத்து வந்தார்கள். நான் குரலாக மட்டுமே அறிந்தவர், நினைத்ததைவிடச் சிறிய உருவம். என்னைப் பார்த்து, "நீதானா? இவ்வளவு கீறல் எழுதுற பொண்ணுன்னா கொஞ்சம் முரடா இருப்பேன்னு நெனச்சேன்" என்றார். சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்தார். உயரம் சரியாக இருந்தது. நடுப்பலகையை இறக்கி அதன் மேல் மடித்த துண்டை வைத்து, கட்டுப் போட்ட இடது கையை அதன் மேல் வைத்தார். அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன்.

வண்டி நீலப் புகை விட்டுக் கிளம்பியது. தரகர் முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார். முதல் திருப்பத்தில் இரண்டாவது கியர் முனகியது. ஓட்டிக்கொண்டிருந்தவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"பாரு, கழுத்து சாய்ஞ்சாச்சு," என்று மனைவி என் காதோடு சொன்னார். "இனி நான் இறங்கிப் போனாலும் தெரியாது."

பாலம் ஏறும்போது அவருக்குக் கெண்டைக்கால் இழுத்தது. முகத்தில் தெரிந்தது, சத்தம் வரவில்லை. காலை நேராக நீட்டினார். முன்சீட்டுக்கு அடியில் பாதம் போக இடம் இருந்தது. சற்று நேரத்தில் முகம் தளர்ந்தது. இரண்டு வேகத்தடை வந்தன. கை துண்டின் மேலேயே இருந்தது. வலது கை அதைத் தாங்க வரவில்லை. மூன்றாவது வேகத்தடைக்கு முன்பே தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் யாரும் கதவைத் திறக்கவில்லை. தரகர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, இப்போதாவது பேசலாமா என்று கண்ணால் கேட்டார்.

வண்டியை வாங்கினார். ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. வாரா வாரம் எண்ணெய் ஊற்றுகிறார். காலையில் கிளம்பினால் தெருவே இருமுகிறது. ஒரு தரகர் அவரிடம் வந்து, "சார், வித்தா சொல்லுங்க, நான் வந்து வேண்டாம்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் மனைவியும் இருக்கிறார். போன மாதம் இரண்டு முறை மருத்துவமனையில் தங்கவைக்க வேண்டி வந்தது. அறிக்கைகளைக் கேட்கிறார், திருத்தங்கள் குறைந்திருக்கின்றன. நான் திருந்திவிட்டேன் என்று அவர் சொல்கிறார். அதனால்தான் என்று நானும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் எப்படி அந்தப் பின்சீட்டில் இருந்தேன் என்று சொல்லவில்லை. முந்தின நாள் மாலை போனில் கூப்பிட்டிருந்தார். அறிக்கைப் பேச்சு ஏதும் இல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் வர முடியுமாம்மா?"

"வரேன் சார். என்ன எழுதணும்?"

"எழுத ஒண்ணும் இல்ல. அவ பக்கத்துல உட்காரணும், அவ்வளவுதான். ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டா எனக்கு வண்டி சத்தம் மட்டும்தான் காதுல விழும். இத்தனை வருஷப் பழக்கம், இனிமே மாத்த முடியாது. அவகிட்ட கேட்டா எல்லாத்துக்கும் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவா, டாக்ஸியையும் அப்படித்தான் சொன்னா. அதனால அவளைக் கேக்காதே. பேசாம உட்கார்ந்து பாத்துக்கிட்டே வா. வண்டி எப்படின்னு எனக்குத் தெரியும். அவ எப்படி வந்தான்னு மட்டும் நீ எனக்குச் சொல்லணும்."